ஏழாம் கட்டிலின் பிரஷர்

பேராசிரியர் சடகோபன் காலையில் வார்டுக்குள் வந்தாலே மருத்துவ மாணவர்களுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அன்று அகப்பட்டவள் எஸ்தர்.

“ஏழாம் கட்டில் சுடலைமணிக்குச் சாயங்காலம் பிரஷர் சரியா இருக்கு. காலையில் மட்டும் ஏறுது. விசாரிச்சுக் காரணம் சொல்லு. இல்லேன்னா உன் நோட்டுல கையெழுத்துக் கிடையாது, இன்னொரு மாசம் இதே வார்டுதான்!”

எஸ்தர் சுடலைமணியிடம் விசாரித்தாள். சுடலைமணி பேராசிரியரை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

“சார், அஞ்சு நிமிஷம் வெளியே நிக்கிறீங்களா?” என்று எஸ்தர் பேராசிரியரிடம் கேட்டாள்.

சடகோபன் முறைத்துக்கொண்டே போனார். நர்ஸ் சுடலைமணியின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினாள். நூற்றிருபது. அவர் திரும்பி வந்ததும் நூற்றெழுபது.

“இது என்ன வியாதி?” என்று அதட்டினார்.

எஸ்தர் நர்ஸிடம் தன் கையை நீட்டினாள். “எனக்கும் அதேதான் சார். பார்த்துட்டு நீங்களே சொல்லுங்க.”

எட்டாம் கட்டிலில் இருந்து குரல் வந்தது: “சிஸ்டர், எனக்கு சார் போன பிறகு கட்டுங்க.”

சடகோபன் எஸ்தரின் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேகமாக வெளியேறினார்.