இரண்டு இசக்கியம்மாள்

ஒரே பெயர், ஒரே வயது, ஒரே நம்பர். இப்படி இரண்டு பேரை உங்கள் முன்னால் நிறுத்தினால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று சொல்லிவிடுவீர்களா?

ஆவுடையப்பன் சொல்லிவிட்டார். அரிசி மில்லுக்கும் உரக்கடைக்கும் கணக்கு புரோகிராம் எழுதியே நரை கண்டவர் அவர். அந்த டேட்டாபேஸ் எல்லாம் கட்டம் போட்டவை. நம்பரைச் சொன்னால் போதும், பழையதன் மேலேயே புதியது போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஊரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் புரோகிராம் எழுத வேண்டி வந்தபோது வேறு மாதிரி டேட்டாபேஸ் ஒன்றைப் படித்தார். அதில் ஆளைக் கட்டம் கட்டமாக நறுக்குவதில்லை. பெயர், வயது, காய்ச்சல், மருந்து எல்லாம் சேர்ந்த முழு உருப்படியாக நோயாளி அப்படியே உள்ளே போய்விடுவார்.

கற்றுக்கொடுத்தவள் பேச்சியம்மாள். அவரைவிட ரொம்ப இளையவள். பால்வாடிக்குப் போகும் தென்றல் என்ற பிள்ளைக்குத் தாய். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

அன்று மத்தியானம் அவர் லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு வந்தார். தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டு நடந்ததைச் சொன்னார்.

காலையில் ஆஸ்பத்திரியில் இசக்கியம்மாள் என்ற ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஊசி போடப் போயிருக்கிறார்கள். ஊசி தோலைத் தொடும் முன் பிள்ளையின் அம்மா நர்ஸின் கையைப் பிடித்துவிட்டாள். இந்த மருந்து இவளுக்கு ஆகாது, போன தடவை மூச்சே நின்றுபோச்சு, இங்கே சேர்த்த மறுநாளே சொன்னேனே என்று அழுதிருக்கிறாள். ஸ்கிரீனில் பார்த்தால், ஆகாத மருந்து எதுவும் இல்லை என்று இருந்தது.

ரெஜினா சிஸ்டர், அம்மா சொன்ன அன்றைக்கே ஏற்றிச் சேமித்தேன் என்று சொல்லியிருக்கிறாள். யாரும் நம்பவில்லை. ஆவுடையப்பனும், புரோகிராம் தப்பாது, சிஸ்டர்தான் பட்டனை அமுக்க மறந்திருப்பாள் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

வரும்போது ஆஸ்பத்திரி டேட்டாவை ஒரு நகல் எடுத்து வந்தார். பஸ்ஸில் உட்கார்ந்து தேடினார். இரண்டு இசக்கியம்மாள் வந்தார்கள். ஒருத்திக்கு எல்லா மருந்தும் ஆகும். இன்னொருத்திக்கு ஆகாது. நர்ஸ்களின் ஸ்கிரீனுக்கு வந்துகொண்டிருந்தவள் முதல் ஆள்.

"சிஸ்டர் சேமிச்சிருக்கா, டீச்சர். நானும் பழைய நம்பர்லதான் சேமிக்கச் சொல்லி எழுதியிருக்கேன். அப்புறம் இந்த ரெண்டாவது பிள்ளை எங்கேயிருந்து வந்தா?"

அடுத்த ஊசி எத்தனை மணிக்கு என்று பேச்சியம்மாள் கேட்டாள். ரெண்டு மணிக்கு என்றார். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டரை தாண்டியிருந்தது.

"தென்றல் டப்பாவில தயிர்சாதத்துக்கு உப்பு போட மறந்துட்டேன். கொஞ்சம் போட்டிருங்க அண்ணாச்சி."

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒரு பிள்ளை சாகப் பார்த்திருக்கிறது, இவள் உப்பு என்கிறாள். ஆனாலும் டீச்சர் சொல்லி அவர் தட்டியதில்லை. எழுந்து போனார்.

அடுப்படி மேடையில் எவர்சில்வர் டப்பா இருந்தது. மூடியில் தென்றல் என்று பெயர் வெட்டியிருந்தது. திறந்தால் காலி. பக்கத்துச் சட்டியில் தயிர்சாதம். இன்னும் அடைக்கவில்லை போல என்று நினைத்து அவரே அள்ளிப் போட்டு, உப்புத் தூவி, நன்றாகப் பிசைந்து மூடினார்.

"போட்டாச்சு டீச்சர்."

வீட்டுச் சுவரை ஒட்டித்தான் பால்வாடி. சற்று நேரத்தில் சுவருக்கு மேலே ஆயாவின் தலை தெரிந்தது.

"ஏளா பேச்சி, ஒம் மவ சோத்தைத் துப்புதா. உப்பே இல்லேங்கா."

ஆவுடையப்பன் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். தாய்மாமன் டப்பா வாங்கித் தரும்போது, ஒன்று கழுவப் போட்டால் இன்னொன்று வேண்டுமே என்று இரண்டாக வாங்கி, இரண்டிலும் பெயர் வெட்டித் தந்தான் என்று பேச்சியம்மாள் சொன்னாள். ஒன்றைப் பிள்ளை காலையிலேயே கொண்டுபோய்விட்டாளாம்.

"பேரு ஒண்ணுதானே டீச்சர்."

"ஒண்ணுதான்."

"சோறும் அதே சட்டிச் சோறு. நான் உப்பும் போட்டேன்."

"பிறகு ஏன் அவ துப்புதா?"

பேச்சியம்மாள் ஒரு சிட்டிகை உப்பைக் காகிதத்தில் மடித்து ஆயாவிடம் நீட்டினாள். ஆவுடையப்பன் டப்பாவைக் கீழே வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தார்.

சேமி என்ற பட்டனை அமுக்கினால் என்ன நடக்கிறது என்று வரி வரியாகப் பார்த்தார். சிஸ்டர் தட்டியதை எல்லாம் வாங்கி, புரோகிராமின் கையில் பழைய ஆள் இல்லாதபோது ஒரு நோயாளியைப் புதிதாகச் செய்து, அதற்குப் பழைய நம்பரை ஒட்டி உள்ளே வைத்திருந்தார். உள்ளே ஏற்கெனவே இருந்த ஆளை வெளியே எடுக்கச் சொல்லி ஒரு வரிகூட இல்லை.

வீட்டில் சோதித்தபோது சரியாகத்தானே வந்தது என்றார். அன்று கம்ப்யூட்டரை அணைத்தீர்களா என்று அவள் கேட்டாள். அணைக்கவில்லை. உள்ளே வைத்த அதே ஆள், ஓடிக்கொண்டிருந்த புரோகிராமின் கையிலும் இருந்தார். அந்த ஆளையே ஆவுடையப்பன் மாற்றி மாற்றி வைத்தார், டேட்டாபேஸும் அடையாளம் தெரிந்துகொண்டது. ஆஸ்பத்திரியில் தினமும் அணைக்கிறார்கள். மறுநாள் யாரும் கையில் இல்லை.

"அதுக்கு உங்க நம்பர் தெரியாது அண்ணாச்சி. தன்கிட்ட இருந்து எடுத்தது திரும்பி வந்தாத்தான் அடையாளம் தெரியும். மத்தபடி யார் வந்தாலும் புது ஆளுதான்."

அவர் தலையாட்டினார். இசக்கியம்மாளை இப்போதே சரிசெய்துவிடலாம் என்றார்.

"அவ பேரை எடுத்துட்டுத் தேடிப் பாருங்க" என்றாள்.

பெயர் இல்லாமல் தேடினார். எல்லாரும் வந்தார்கள்.

சுடலைமுத்து என்ற கிழவர் ஐந்து பேராக வந்தார். வீட்டார் ஒவ்வொரு தடவை வந்து ஒவ்வொன்றைத் திருத்தச் சொன்னபோதும் ஒருவர் கூடியிருந்தார். முதலாமவருக்குச் சர்க்கரை இல்லை. ஐந்தாமவருக்குச் சர்க்கரை உச்சத்தில் இருந்தது. பிச்சம்மாள் இரண்டு பேர். இரண்டாமவள் மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். முதலாமவள் இல்லை. கீழே தள்ளத் தள்ளப் பெயர்கள் இரட்டையாகவும் மூன்றாகவும் ஏறி வந்தன.

ஸ்கிரீனுக்குப் போவது எப்போதும் முதல் ஆள்.

ஆவுடையப்பன் அவசர அவசரமாகத் தட்ட ஆரம்பித்தார். ஒரு சுடலைமுத்துவை வெளியே எடுத்தார், சர்க்கரையை ஏற்றினார், மற்ற நாலு பேரையும் அழித்தார். அடுத்து பிச்சம்மாள். அரை மணிக்குள் எல்லாரையும் ஒழுங்காக்கிவிடுவேன் டீச்சர் என்றார்.

பேச்சியம்மாள் லேப்டாப்பை மூடினாள். அவர் விரல்கள் நடுவில் மாட்டிக்கொண்டன.

"ரெண்டு மணிக்கு ஊசி இவங்களுக்கா போடப் போறாங்க?"

ஆவுடையப்பன் விரல்களை உருவிக்கொண்டார். பஸ்ஸில் அவர் எடுத்து வந்தது நகல்.

சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். ஆஸ்பத்திரி நம்பரை அமுக்கினார். மணி அடித்தது. அந்தப் பக்கம் எடுத்தது ரெஜினா சிஸ்டர்.

"சிஸ்டர், நீங்க சேமிச்சது சரிதான். தப்பு என் புரோகிராம்ல. இப்ப ஸ்கிரீனைப் பார்க்காதீங்க. ஒவ்வொரு கட்டிலாப் போயி, எந்த மருந்து ஆகாதுன்னு வாயால கேளுங்க. கேட்காம யாருக்கும் ஊசி போட விட்டுராதீங்க."