வராதவனின் கஞ்சி

ஆற்றங்கரையில் வடிவம்மை நடத்திவந்த பயிற்சிக் கூடத்துக்கு இளைஞர்கள் வந்துகொண்டிருந்தார்கள். சிலர் குடியை விட்டவர்கள், சிலர் விட முயல்கிறவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு துணை உண்டு.

காலையில் ஓட்டமும் நீச்சலும் முடிந்ததும் கம்பங்கஞ்சிப் பானை நடுவில் வந்து உட்காரும். எல்லோரும் வந்து சேரும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. ஒருவன் வராவிட்டால் அவனுடைய துணை வீட்டுக்கே போய் அழைத்து வர வேண்டும். மற்றவர்கள் அதுவரை காத்திருப்பார்கள். முணுமுணுத்துக்கொண்டுதான் காத்திருப்பார்கள், பசி எல்லோருக்கும் ஒன்றுதானே.

அம்மையின் மூத்த சீடன் மாசிலாமணி. கூடத்துக்கு நன்கொடை திரட்டுவது அவன் பொறுப்பு. எந்தப் பணக்காரர் வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு போனால் காரியம் நடக்கும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. அந்த வருஷம் மழை இல்லை. வழக்கமாகக் கொடுப்பவர்கள் கையை விரித்துவிட்டார்கள். இருக்கிற கம்பு தீர்ந்தால் கூடத்தை மூட வேண்டியதுதான்.

“கொடுக்கிறவங்க மனசு இளக என்னம்மா செய்யணும்?” என்று கேட்டான்.

“நாம செய்யறதைக் காட்டு” என்றார் அம்மை.

அவன் எண்ணெய் ஆலை முதலாளி சிவக்கொழுந்தை அழைத்து வந்தான். அன்றைக்கு அம்மை பக்கத்து ஊருக்குப் போயிருந்தார்.

முதலாளி வந்தபோது பானை மூடியே இருந்தது.

“அண்ணே, வெள்ளையன் வரலை” என்று ஒருவன் மாசிலாமணியின் காதில் சொன்னான்.

“தெரியும். பேசாம இரு.”

மாசிலாமணி தன் கையாலேயே மூடியைத் திறந்தான். முதல் குவளையை விருந்தாளிக்குக் கொடுத்தான்.

முதலாளி கஞ்சியைக் குடித்துக்கொண்டே கேட்டார். “யாராச்சும் ஒருநாள் வராமப் போயிட்டா என்ன பண்ணுவீங்க தம்பி?”

“துணையா இருக்கிறவன் அவன் வீட்டுக்கே போய்க் கையோட கூட்டிட்டு வந்துடுவான் ஐயா. அப்புறம்தான் எங்க பானையே திறக்கும்.”

முதலாளி குவளையைக் கீழே வைத்தார்.

“என் தம்பி குடிச்சே செத்தான். இப்படி ஒருத்தன் அவனைத் தேடி வந்திருந்தா இன்னிக்கு இருந்திருப்பான்.” மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இனிமே வருஷா வருஷம் கம்பு என் செலவு.”

சாயங்காலம் அம்மை திரும்பினார். கம்பு மூட்டைகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. மாசிலாமணிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முதலாளி சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னான்.

“நல்ல மனுஷன்” என்றார் அம்மை. அவருக்கும் சந்தோஷம்தான். பிறகு பானைக்குள் எட்டிப் பார்த்தார். அடியில் கொஞ்சம் கஞ்சி மிச்சம் இருந்தது.

“இது யாரோடது?”

“வெள்ளையன் வரலைம்மா.”

“அவனுக்குத் துணை யாரு?”

மாசிலாமணி தொண்டையைக் கனைத்தான். “நான்தாம்மா. பெரிய மனுஷர் வர்ற நேரத்துல எப்படி விட்டுட்டுப் போறது?”

“அவர் போனதுக்கு அப்புறம்?”

“ஆலைக்கு மூட்டை எடுக்கப் போயிட்டேன்.”

“இதுக்கு முன்னாடி அவன் வராத நாள்ல?”

“வேற யாரையாச்சும் அனுப்புவேன்.”

அம்மை ஒரு தூக்குப் பாத்திரத்தை எடுத்து, மிச்சக் கஞ்சியை அதில் ஊற்றினார்.

மாசிலாமணி மூட்டைகளைப் பார்த்தான். சற்றுமுன் இருந்த சந்தோஷம் இப்போது அவனிடம் இல்லை.

“கம்பைத் திருப்பிக் கொடுத்துடட்டுமாம்மா?”

அம்மை செருப்பை மாட்டிக்கொண்டார்.

“கம்பு கிடக்கட்டும். வெள்ளையன் வீடு எந்தத் தெரு?”

ஊரில் இருந்த பெரிய வீடுகள் எல்லாம் மாசிலாமணிக்கு வரிசையாக நினைவுக்கு வந்தன. வெள்ளையனின் தெரு மட்டும் வரவில்லை.