கால் போன பலகை

முன்னொரு காலத்தில் மருங்கூர் நாட்டைத் திருமேனிராயன் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தான். காலையில் சொன்னதை மத்தியானம் மாற்றுவான்; மத்தியானம் மாற்றியதைச் சாயங்காலம் மறப்பான். அரண்மனையில் வேலை பார்த்தவர்களுக்குத் தலையில் அடித்து அடித்தே பாதி வழுக்கை விழுந்துவிட்டது.

அந்த வருஷம் பெரிய ஏரிக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. வீட்டுக்கு ஓர் ஓலை. வேண்டியவர் பெயரை எழுதிக் குடத்தில் போட வேண்டும். ராஜாவின் மைத்துனன் கனகராயன் முண்டியடித்துக்கொண்டு வந்தான். ஏரித் தண்ணீரில் கால்கூட நனைத்தது கிடையாது, ஆசையைப் பாருங்கள்! முந்நூறு வீட்டு வாசலிலும் அவன் பெயரில் பலகை நட வேண்டும் என்று உத்தரவு. எழுதச் சித்திரக்காரி செம்பாயியைக் கூப்பிட்டார்கள்.

"இவன் தோற்றால் உன் கட்டைவிரலை வெட்டிவிடுவேன்" என்றான் ராஜா.

விரல் போனால் தூரிகை ஏது, சோறு ஏது? செம்பாயி கும்பிட்டுச் சொன்னாள்: "மகாராஜா, ஜனங்க மாட்டு வண்டியிலே போறவங்க. கண்ணைச் சிமிட்டுறதுக்குள்ளே பலகை பின்னாலே போயிரும். பேரு ஒண்ணு, செய்யப்போற வேலை ஒண்ணு. பெரிசா எழுதினாப் போதும்."

"என் பட்டங்களை முழுங்கப் பார்க்கிறாயா? பதினேழையும் எழுது!" என்று கத்தினான் கனகராயன்.

"பலகை முறம் அளவுதானே ஐயா!"

"பொடியாக எழுது!"

ராஜா சும்மா இருப்பானா? "மஞ்சள் அடி" என்றான். அடித்தாள். "சேச்சே, சிவப்பு!" அடித்தாள். "முதல் மஞ்சளே தேவலை." மறுபடி அடித்தாள். "கடைசியில் 'கனகராயர் எல்லாம் கொடுப்பவர்' என்று பெரிசாகப் போடு." போட்டாள். எல்லாம் முடிந்து சாயம் காய்ந்த பிறகு, "ஆமாம், நம் கொடிச் சிங்கம் எங்கே?" என்றான். தலையெழுத்து!

"இடமே இல்லையே மகாராஜா!"

கனகராயன் 'கொடுப்பவர்' மேலே விரலை வைத்தான். "இங்கே வரை. வால் கீழே தொங்கட்டும்."

"ஐயா, வால் வந்தா 'கொ'வோட கால் மறைஞ்சிரும்."

"ஒரு கால் போனால் என்ன? சிங்கத்துக்கு நாலு கால் இருக்கிறதே!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். செம்பாயி சொன்னபடியே வாலோடு சிங்கத்தை வரைந்தாள். "அப்போ மாதிரிக்கு இந்தப் பலகையிலே முத்திரை வச்சுக் கொடுங்க மகாராஜா. ஒரு கீத்துகூட மாத்தாம எழுதுறேன்."

ராஜா முத்திரை வைத்தான். முந்நூறு பலகையும் வாசலுக்கு வந்தன. கனகராயன் தன் பட்டங்களை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டுப் போனான். ராஜாவின் சிங்கத்தைப் பார்த்து ஊரார் வாயைத் திறக்கவில்லை.

குடத்தைக் கவிழ்த்தார்கள். கனகராயனுக்கு ஒரே ஓலை, அவன் போட்டது. மீதி அத்தனையும் ஏரிக்கரை மாசாணனுக்கு.

"நீட்டடி கட்டைவிரலை!" என்றான் ராஜா.

"நீட்டுறேன் மகாராஜா. அதுக்கு முன்னே ஒரு தடவை தேரிலே தெருவைச் சுத்தி வாங்க."

தேர் ஓடியது. பட்டங்கள் எறும்பு ஊர்ந்ததுபோல் போயின. பெரிய எழுத்து மட்டும் கண்ணில் பட்டது. ராஜா வாய்விட்டுப் படித்தான்: "கனகராயர் எல்லாம் கெடுப்பவர்!" அடுத்த வீட்டிலும் அதே. அதற்கடுத்த வீட்டிலும் அதே. ஒவ்வொரு பலகைக்கும் பக்கத்துச் சுவரில் கரிக்கோட்டில் ஒரு மண்வெட்டி, அவ்வளவுதான்.

"இது யாருக்கான அடையாளம்?" என்று கேட்டான்.

தேரோட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மாசாணனுக்குத்தான் மகாராஜா. போன மழையிலே உடைஞ்ச கரையை ராப்பகலா நின்னு அடைச்சானே!"

அரண்மனைக்கு வந்த ராஜா மாதிரிப் பலகையை எடுத்துப் பார்த்தான். அவனுடைய சிங்கம், அவனுடைய முத்திரை. வெட்கம் பிடுங்கித் தின்றது. தன் கையிலிருந்த பொற்காப்பைக் கழற்றிச் செம்பாயிக்குக் கொடுத்தான். "இனி என் பலகைகளில் நீ வைத்ததுதான் எழுத்து. நான் குறுக்கே பேசினால் என்னையே வெளியே அனுப்பு."

கனகராயன் பல்லை இளித்தான். "அத்தான், எனக்கு?"

"உனக்குச் சாயச் சட்டி. முந்நூறு வீட்டுக்கும் போய், போன காலை நீயே சேர்த்துவிட்டு வா."

போனான். முதல் வீட்டில் குந்தி உட்கார்ந்து, வாலை அழித்துக் காலைப் போட்டான். உள்ளேயிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்தாள்.

"ஏன் ஐயா, நல்லாத்தானே எழுதியிருந்தது? அதைப் போய் எதுக்குத் தப்பாக்குறீங்க?"

இன்னும் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது வீடு பாக்கி இருந்தது.