சங்கையாவின் கட்டைவிரல்

“நாளைக்குக் கல்யாணம். நான் போகப்போறதில்லை. அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன், குருவம்மா.”

சொன்னவர் சங்கையா. சிவகாசியில் நோட்டுப் புத்தகம் போடுகிறவர். வயது அறுபத்து மூன்று. கோபத்துக்கு மட்டும் இருபது.

கேட்டுக்கொண்டிருந்தவர் உலகம்மை. அவருக்கு நாற்பதுதான். காகித ஆலையில் தாளைச் சோதிக்கிற வேலையை விட்டுவிட்டு, மலையடிவாரத்தில் மடம் வைத்திருக்கிறார். வருகிறவர்களுக்குச் சூரணமும் கொடுப்பார், நாலு நல்ல வார்த்தையும் சொல்வார். சங்கையா வாராவாரம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிற சீடர்.

“யாருக்குக் கல்யாணம்?”

“தங்கச்சி மகளுக்கு.”

“அட, அப்போ நீங்க தாய்மாமன்!”

“ஆமா. நான் மாலை எடுத்துக் கொடுக்காம புள்ள மணவறை ஏறாது. தெரிஞ்சுதான் சொல்றேன். அவ அப்பன் என்னை ஏமாத்திட்டான். எழுபது ஜி.எஸ்.எம். தாள் கேட்டேன். வெங்காயச் சருகு மாதிரி அனுப்பியிருக்கான். சொந்த மச்சான்!”

“நிறுத்துப் பார்த்தீங்களா?”

“எதுக்கு? நாற்பது வருஷமா இந்தக் கட்டைவிரல்தான் எனக்குத் தராசு. தாளை ஒரு தரம் தேய்ச்சாப் போதும். பஜாரே என் விரலைக் கேட்டுத்தான் ரீம் பிரிக்கும்.”

உள்ளதுதான். ஊரில் அந்த விரலுக்கு அவ்வளவு பேர். பேர் வந்துவிட்டால் விரலுக்கும் மண்டைக்கனம் வந்துவிடும் போலிருக்கிறது.

பையிலிருந்து இரண்டு கட்டுத் தாளை எடுத்துப் போட்டார். ஒன்று வழக்கமாக வாங்குவது. இன்னொன்று மச்சான் அனுப்பியது. சாட்சிக்காம்!

உலகம்மை இரண்டிலும் பத்துப் பத்துத் தாள் உருவினார். ஸ்கேல் வைத்து, பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டராகச் சதுரம் வெட்டினார். சூரணம் நிறுக்கிற மின்தராசில் வைத்தார்.

வழக்கமான தாள், பத்துத் துண்டு ஏழு கிராம்.

மச்சான் தாளும் ஏழு கிராம்.

சங்கையா தராசைத் தட்டினார். துடைத்தார். தன் கையாலேயே மாற்றி மாற்றி வைத்தார். பாவம், ஏழு ஏழாகவே இருந்தது.

“இந்த மாதிரி நூறு துண்டு சேர்ந்தா ஒரு சதுர மீட்டர்” என்றார் உலகம்மை. “பத்துக்கு ஏழுன்னா நூறுக்கு எழுபது. நீங்க கேட்ட எழுபதுதான்.”

“பின்னே ஏன் இவ்வளவு மெலிசா இருக்கு?”

“உருளைக்கு நடுவுல விட்டு நல்லா அழுத்தியிருக்காங்க. உங்க தாள்ல காத்து ஜாஸ்தி, அதான் உப்பி நிக்குது. இது நெருக்கமான தாள். ஜி.எஸ்.எம்.னா ஒரு சதுர மீட்டர் தாளோட எடை மட்டும்தான், அய்யா. தடிமன் அதுல வராது.”

சங்கையா பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

“இதை அவர் உங்ககிட்ட சொல்லலையா?”

“சொல்ல வாயெடுத்தார். நாந்தான் நாலு பேர் முன்னால தாள்கட்டைத் தூக்கி எறிஞ்சேன். குனிஞ்சு ஒவ்வொரு தாளாப் பொறுக்கி வச்சிட்டுப் போனார்.”

தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். உலகம்மைக்கும் மனசு கேட்கவில்லை. ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

குடித்ததும் சங்கையா அவசரமாக எழுந்தார்.

“இந்த எடையை ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க. மச்சான்கிட்ட காட்டணும்.”

“எடை அவருக்குத் தெரியும், அய்யா. நீங்க உங்க முகத்தைக் காட்டுங்க.”