மட்டமான வேலை

தென்காசியில் கல்யாண மண்டபம் கட்டினாரே பலவேசம் முதலாளி, அவருக்குத் தன் கண்தான் ரசமட்டம். மண்டபத் தரையைக்கூட அந்தக் கண்ணாலேயே மட்டம் பார்த்துப் போட்டவர்.

ஏசிக்கும் விளக்குக்குமாகச் சுவரில் பன்னிரண்டு சுவிட்ச் பெட்டிகளைப் பதித்திருந்தாள் எலக்ட்ரீஷியன் இசக்கியம்மாள். முதலாளி தரையிலிருந்து டேப் பிடித்து அளந்தார். மேடைப் பக்கம் நாலடி. வாசல் பக்கம் நாலடி இரண்டு அங்குலம்.

“மட்டமான வேலை! பொழுது சாயறதுக்குள்ள அம்புட்டையும் பேத்து மாத்து. இல்லன்னா நாளைக்கு வேற ஆளு!”

இசக்கியம்மாள் லேசர் மட்டத்தை ஸ்டாண்டில் ஏற்றினாள். பச்சைக் கோடு பன்னிரண்டு பெட்டிகளின் தலையையும் தொட்டுக்கொண்டு ஓடியது. பிறகு கருவியை மேடையோரம் தரையில் வைத்தாள். அங்கே தரையை ஒட்டிக் கிளம்பிய கோடு, வாசலுக்குப் போனபோது தரையை விட்டு இரண்டு அங்குலம் மேலே நின்றது.

“நீங்க சொன்னது சரிதான் மொதலாளி. என் வேலை மட்டம்தான். மட்டமில்லாதது தரை மட்டும்தான். இப்ப எதைப் பேக்கணும்?”

அங்கிருந்த கொத்தனார்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். பலவேசம் தொண்டையைக் கனைத்தார்.

“மொதல்ல அந்தப் பச்ச வெளக்க அணைம்மா!”