பத்தில் மாறிய படிகம்

கோமதிநாயகத்துக்கு நாற்பத்தொன்பது வயது. கல்லூரியில் இயற்பியல் நடத்திக்கொண்டே ஒன்பது வருடமாக முனைவர் பட்டத்துக்கு மல்லுக்கட்டுகிறார். நெறியாளர் ஜெசிந்தா அவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். இவர் அவரை மேடம் என்பார், அவர் இவரை சார் என்பார்.

ஆராய்ச்சி கண்ணுக்கே தெரியாத பொருளில். பெரோவ்ஸ்கைட் என்ற ஆக்சைடு படிகத்தின் துணுக்கை இரண்டு வைர முனைகளுக்கு நடுவே வைத்துத் திருகி அழுத்த வேண்டும். எந்த அழுத்தத்தில் அதன் உள்ளமைப்பு மாறுகிறது என்று பார்க்க வேண்டும். எல்லாப் பக்கமும் அழுத்தம் ஒரேபோல விழ, சுற்றிலும் ஆல்கஹால் ஊற்றுவார்கள். கூடவே ஒரு மாணிக்கத் துகள் கிடக்கும். அதன்மேல் லேசர் பட்டால் தெரியும் ஒளிக்கோடுகள்தான் அழுத்தத்தை அளந்து சொல்லும்.

பத்து கிகாபாஸ்கல் அழுத்தத்தில் படிகம் மாறுகிறது. ஆய்வேட்டில் புதிதாக இருந்தது இந்த ஒரு வரிதான். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து.

திங்கட்கிழமை அதில் மண் விழுந்தது. அவருடைய படிகத்தையே வாங்கிச் சோதித்த வெளியூர் ஆய்வகம், ஆல்கஹாலுக்குப் பதில் ஹீலியம் வாயுவை வைத்ததாம். பத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

நெறியாளர் சான்றிதழை ஜெசிந்தாவின் மேசைமேல் கையெழுத்துக்கு வைத்துவிட்டு, மனுஷர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அதே படிகம், அதே அழுத்தம். நான் பதினேழு தடவ பாத்தேன் மேடம். பதினேழு தடவையும் பத்துலதான் மாறுச்சு. எதுதான் நெஜம்?"

"படிகத்த எடுத்துட்டு, மாணிக்கத்த மட்டும் வச்சு ஒருக்கா அழுத்துங்க சார்."

"படிகம் இல்லாம என்னத்தப் பாக்க?"

ஜெசிந்தா விடைத்தாள் திருத்தப் போய்விட்டார்.

கிறுக்குத்தனமாகப் பட்டாலும், வழக்கம்போல ஆல்கஹால் ஊற்றிச் செய்தார். ஒன்பது வரை மாணிக்கத்தின் இரண்டு கோடுகளும் கூர்மையாக நின்றன. பத்தைத் தாண்டியதும் தடித்து ஒன்றோடொன்று ஈஷிக்கொண்டன. இத்தனை வருடமும் கோடு எங்கே நிற்கிறது என்று மட்டும் பார்த்தவர், எப்படி நிற்கிறது என்று பார்த்ததே இல்லை. படிகத்தின் ஒளிக்கோடுகள் தடித்ததைப் பார்த்துத்தான் அது மாறியதாக எழுதியிருந்தார். அவை தடித்ததும் இதே பத்தில்தான். ஜெசிந்தாவின் அறைக்கு ஓடினார்.

"மேடம், மாணிக்கமும் பத்துல மாறுது."

"மாணிக்கம் பத்துல மாறாதுன்னு நீங்கதான சார் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கீங்க?"

"ஆமா. அப்போ உள்ள வேற..."

பாதியில் நிறுத்தினார். உள்ளே வேறு படிகம் எதுவும் இல்லை.

"பதினேழு தடவையும் என்ன ஊத்துனீங்க?"

"ஆல்கஹால்தான்." சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. "அதுதான் பத்துல கெட்டியாயிருக்கு. படிகத்தையும் மாணிக்கத்தையும் ஒரு பக்கமாப் போட்டு நெரிச்சிருக்கு."

வெட்கத்தில் காது சுட்டது, வெள்ளிக்கிழமையை நினைத்து அழுகையும் வந்தது. கையெழுத்தாகாத சான்றிதழை அவரே எடுத்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்போ என் படிகம் மாறவே மாறாதா மேடம்?"

"சுத்தி இருந்ததுதான் இறுகிப்போச்சு சார். படிகத்துகிட்ட நீங்க இன்னும் கேக்கவே இல்லையே."