போதும் என்று சொல்ல முடியாத வாய்

நான் சொல்லப்போவதில் ஒவ்வொரு எழுத்தும் சத்தியம். என் மீசைமேல் ஆணை! எனக்கு ஏது மீசை என்று கேட்காதீர்கள். அதை ஊசிமலைக் காற்று பிடுங்கிக்கொண்டு போனது, அது வேறு கதை. இதில் ஒரு வார்த்தை பொய்யென்றாலும் நாளைக் காலையில் நான் குடிக்கிற காப்பி கசக்கட்டும். சர்க்கரை போடாமல் குடிக்கிறவன் நான் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

“தாயே, மெஷினுக்கு மூச்சடைக்குது,” என்றார் பூலோகநாதன்.

குரு நாச்சியம்மை முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

ஊசிமலை மடத்தில் சிஷ்யர் பூலோகநாதனுக்குத்தான் தலை நரைத்திருந்தது. குருவுக்கு அவர் மகள் வயதுகூட இருக்காது. அதனால் குரு சிஷ்யரை ‘ஐயா’ என்பாள். சிஷ்யர் குருவை ‘தாயே’ என்பார். இரண்டு பேருக்கும் அதில் சங்கடம் இல்லை.

ஊசிமலை, கடலை எட்டிப் பார்க்கிற மலை. உச்சியில் இருந்த அந்த மடத்தில் விக்கிரகம் கிடையாது, விபூதி கிடையாது. கண்ணாடி அறைக்குள் ஒரு கணினி. கடலுக்குப் போன ஒவ்வொரு வள்ளமும் தான் நிற்கிற இடத்தை அதற்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். அது எழுதி வைத்துக்கொள்ளும். கரையில் இருப்பவர்கள் கேட்டால் சொல்லும். மடத்தின் பூசை அவ்வளவுதான்.

அந்தக் கணினியின் சூடு எப்படி என்றால், மடத்துப் பூனை அதன் மேல் படுத்து, ஒரு பக்கம் வெந்ததும் மறுபக்கம் திரும்பிப் படுக்கும்.

“மூச்சடைக்குதா? குதிரை மாதிரி ஓடுதுன்னு நேத்துதானே சொன்னீங்க ஐயா?”

“ஓடுச்சு தாயே. நான்தான் ஓட வச்சேன்.”

வருத்தத்திலும் குரலில் கொஞ்சம் பெருமை ஒட்டிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். வருகிற சேதியைக் கணினி முதலில் நினைவகத்தில் வாங்கும். அது வேகம். ஆனால் கரண்ட் போனால் அத்தனையும் மறந்துவிடும். பிறகு டிஸ்க்கில் எழுதும். அது மந்தம். ஆனால் எழுதினால் எழுதினதுதான்.

எழுதாமல் எவ்வளவு சேர்த்து வைக்கலாம் என்பதற்கு இரண்டு கோடு உண்டு. சேர்ந்தது முதல் கோட்டைத் தொட்டால், மற்ற வேலை நடக்கும்போதே ஓரமாக எழுத ஆரம்பிக்கும். இரண்டாவது கோட்டைத் தொட்டால், சேதியோடு வருகிறவர், சேதி கேட்கிறவர் எல்லாரையும் வாசலில் நிறுத்திவிட்டுத்தான் எழுதும்.

பூலோகநாதன் இரண்டு கோட்டையும் தூக்கி உச்சியில் வைத்துவிட்டார்.

“டிஸ்க்கை ஏன் சும்மா சும்மா தொந்தரவு பண்ணணும்? நல்லா நிறையட்டும், மொத்தமா எழுதிக்கட்டும்னு நினைச்சேன். பாவம், அதுவும் வயசானது.”

“நல்ல மனசு,” என்றாள் குரு. “அப்புறம்?”

பூலோகநாதன் தரையைப் பார்த்தார்.

“காலையில ரெஜினா படியேறி வந்தா. கஸ்பார் சம்சாரம். ‘காத்து மாறுது அண்ணே, எங்க வீட்டுக்காரரு வள்ளம் எங்கன நிக்குது?’ன்னு கேட்டா. திரையில வட்டம் சுத்துச்சு. சுத்திக்கிட்டே இருந்துச்சு. அவ திரையைப் பார்க்கல தாயே. என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு நின்னா.”

“சொல்லுச்சா?”

“எல்லாத்தையும் எழுதி முடிச்சிட்டுச் சொல்லுச்சு. அதுக்குள்ள அவ படியிறங்கிப் போயிட்டா.”

கீரைக் காம்பு ஒன்று ஒடிந்தது.

“கோட்டை எங்க வைக்கணும் தாயே? ஒரு எண் சொல்லுங்க. போட்டுடறேன்.”

“சாப்பிட வாங்க ஐயா,” என்றாள் குரு.

மடத்துப் பந்தியில் ஒரு வழக்கம். பரிமாறுகிறவர் ஓர் இலை முன்னால் நின்றால், அந்த இலைக்காரர் வாயைத் திறந்து ‘போதும்’ என்று சொன்ன பிறகே அடுத்த இலைக்கு நகரலாம். கை காட்டக் கூடாது. தலை ஆட்டக் கூடாது. முன்பு ஒரு கூச்சக்காரர் கையைக் கையைக் காட்டியே அரை வயிற்றோடு எழுந்து போனாராம். மலைக்காற்று அவரைப் பட்டம் மாதிரி தூக்கிப் போய் அடுத்த ஜில்லாவில் இறக்கிவிட்டதாம். அன்றிலிருந்து இந்த வழக்கம்.

இந்தப் பந்தியில் முதல் இலை பூலோகநாதனுக்கு. வாளியும் கரண்டியுமாகக் குருவே வந்து நின்றாள்.

“ஐயா, இன்னைக்கு உங்களுக்கு ஒரு விரதம். வாய் நிறையற வரைக்கும் விழுங்கக் கூடாது.”

“ஏன் தாயே?”

“வயித்தை ஏன் சும்மா சும்மா தொந்தரவு பண்ணணும்?”

பூலோகநாதன் சாப்பிட ஆரம்பித்தார்.

அடடா, என்ன வேகம்! விழுங்குகிற வேலையே இல்லையே! பொங்கல் போனது, வடை போனது, சாம்பார் சாதம் போனது. பந்தியே அவரை வேடிக்கை பார்த்தது. அவருக்கே ஒரு கணம், கணினிக்குத் தாம் செய்தது சரிதானோ என்று தோன்றிவிட்டது.

பிறகு வாய் நிறைந்தது.

கன்னம் இரண்டும் திருவிழா பலூன் ஆயின. விழுங்கப் பார்த்தார். மொத்தமாக இறங்க மறுத்தது. மென்றார். கண்ணில் நீர் வந்தது.

“போதுமா ஐயா?”

“ம்.”

“‘ம்’ இங்க செல்லாது.” கரண்டி சாய்ந்தது. “போதுமா?”

“ம்ம்!”

இலையில் சோறு மலையாயிற்று. அடுத்த இலைகள் எல்லாம் காலியாகக் காத்துக் கிடந்தன.

“யோவ் பூலோகம், விழுங்கித் தொலையும்யா!” என்று கடைசி இலையிலிருந்து ஒரு குரல். “ரசம் ஆறுது!”

அந்த நேரம் பார்த்து வாசலில் ரெஜினா வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

“அண்ணே, இப்பவாச்சும் தெரிஞ்சுதா? எங்கன நிக்குது?”

பூலோகநாதனுக்குத் தெரியும். காலையில் கணினி தாமதமாகச் சொன்னது மனசில் அப்படியே இருந்தது. குடைத்தீவுக்கு மேற்கே.

“ம்ம்ம்! ம்ம் ம்ம்ம்!”

உட்கார்ந்த இடத்திலேயே துள்ளினார். மேற்கே கையை நீட்டினார். மேற்கே சுவர். சுவரில் சாய்ந்தபடி ஒரு விளக்குமாறு.

ரெஜினா விளக்குமாற்றைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

“என்னண்ணே இது? அந்த மனுசன் விளக்குமாத்துக்குப் பின்னாலயா ஒளிஞ்சிருக்காரு?” சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது.

பூலோகநாதன் வாய்க்குள்ளேயே அழுதார்.

அப்போது குரு, பக்கத்தில் இருந்த மிளகுப்பொடியை எடுத்து, பொங்கல் மேல் தூவுகிற மாதிரி அவர் மூக்குக்கு நேரே தூவினாள்.

அது தும்மலா? மடத்துக் கதவு இரண்டும் தாமாகச் சாத்திக்கொண்டன. கீழே கரைக்கு வந்த ஓர் அலை, தப்பான இடத்துக்கு வந்துவிட்டோம் என்று திரும்பிப் போயிற்று. வாயில் சேர்த்து வைத்ததில் ஒரு பருக்கைகூட வயிற்றுக்குப் போகவில்லை. எல்லாம் சுவரில்.

“கரண்ட் போச்சு,” என்றாள் குரு.

“குடைத்தீவுக்கு மேற்கே!” என்று கத்தினார் பூலோகநாதன். “காலையில அங்க இருந்தாரும்மா!”

ரெஜினா கன்னத்தில் ஒட்டிய பருக்கையைத் துடைத்தாள்.

“இப்ப?”

அவர் எட்டிப் பார்த்த கண்ணாடி அறைத் திரையில் மறுபடி வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

புது இலை போட்டார்கள். பூலோகநாதன் இந்த முறை ஒரு பருக்கையை எடுத்தார். வைத்தார். மென்றார். விழுங்கினார். அடுத்த பருக்கைக்குக் கையை நீட்டினார்.

“ரசம் ஐஸ் ஆயிருச்சு!” என்றது கடைசி இலை.

குரு கரண்டியோடு அசையாமல் நின்றாள். “இது என்ன விரதம் ஐயா? நான் சொல்லலையே?”

பூலோகநாதன் கையைக் கீழே போட்டார். பிறகு, பால்குடி மறந்த நாளிலிருந்து எப்படிச் சாப்பிட்டாரோ அப்படி ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய்.

மூன்றாவது வாய் பாதி வழியில் நின்றது.

எழுந்தார். எச்சில் கையோடு கண்ணாடி அறைக்கு ஓடினார். இடது கையாலேயே தட்டினார். முதல் கோட்டைக் கீழே இறக்கினார், நன்றாகக் கீழே. இரண்டாவதை அதற்கு மேலே, நடுவில் மூச்சுவிட இடம் விட்டு வைத்தார்.

டிஸ்க் ஓரமாக, சன்னமாக முணுமுணுக்கத் தொடங்கியது. பூனை ஒரு காதை மட்டும் அசைத்தது.

சாயங்காலம் புயல்மழை வந்தது. ஒவ்வொரு துளியும் இளநீர்க்காய் அளவு. கடலில் இருந்த அத்தனை வள்ளங்களும் ஒரே நேரத்தில் ‘நான் இங்கே, நான் இங்கே’ என்று கத்தின. வட்டம் சுற்றவில்லை.

பிறகு மலையில் இடி விழுந்தது. விளக்கு அணைந்தது. திரை அணைந்தது.

ரெஜினா கண்ணாடியோரம் குந்தியிருந்தாள். அவள் விரல்களுக்குள் ஜெபமாலை உருண்டது.

ஜெனரேட்டர் இருமியது. இருமிக்கொண்டே கிளம்பியது. கணினி கண் திறந்தது.

இந்த முறையும் ரெஜினா திரையைப் பார்க்கவில்லை. பூலோகநாதன் முகத்தைத்தான் பார்த்தாள்.

“குடைத்தீவைத் தாண்டியாச்சும்மா,” என்றார் அவர். “வள்ளத்து மூக்கு கரையைப் பார்த்து இருக்கு. மணமேட்டுத் துறைக்குத்தான் வராரு.”

“கரண்ட் போச்சே அண்ணே. நெசமாத்தானா?”

“போறதுக்குச் சித்த முன்னாடி எழுதியிருக்கு.”

ரெஜினா மழையிலேயே படியிறங்கி ஓடினாள். மணமேட்டுத் துறையில் கயிறும் விளக்குமாக ஊரே கூடிவிட்டது.

மறுநாள் மதியம் பந்தி. முதல் இலையில் பூலோகநாதன். குரு வாளியோடு வந்து நின்றாள்.

“அந்தக் கோடு ரெண்டும், கடைசியில எவ்வளவு வச்சீங்க ஐயா?”

பூலோகநாதன் வாயில் அப்போது சோறு இருந்தது. அவர் அவசரப்படவில்லை. விழுங்கினார்.

“போதும்,” என்றார்.

வாளி அடுத்த இலைக்கு நகர்ந்தது. அங்கே, உப்புத்தண்ணீர் காயாத தலையோடு கஸ்பார் உட்கார்ந்திருந்தான்.

சரி, எழுந்து போங்கள். யார் கேட்டாலும் இதை நான் சொன்னேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பூனை ஒரு பக்கம் வெந்த சமாசாரத்தை வெளியில் சொன்னது அதற்குத் தெரிந்தால் அவ்வளவுதான். போனமுறை மீசையைக் கொண்டுபோனது காற்று என்று நீங்கள் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள், பாவம்.